தரங்கம்பாடிப் புதிய எருசலேம் கோயிலும் அதைக் கட்டிய சீகன்பால்க் ஐயரும்



டென்மார்க்குக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நாங்கள் அகதிகளாய் இங்கே வந்திறங்கிய பிறகுதான் தொடங்கியது என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். எங்கட பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்குதுகள். ஆனால் கொப்பன்ஹேகனில் உள்ள அரசாங்கச் சுவடிக்கூடத்தில் தங்கத் தகட்டில் தமிழில் எழுதின ஓலை ஒன்று இருக்கிறது. 1620 இல் தஞ்சாவூர் நாயக்க மன்னர் இரகுநாதர் டென்மார்க் அரசருக்கு அனுப்பியது அது. அந்த ஓலையோடு தொடங்கிய உறவில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற கோயில்.

டேனிஷ் கப்பல்கள் முதலில் தேடி வந்தது தஞ்சாவூரை அல்ல, இலங்கையை. கண்டி அரசன் செனரத்துக்குப் போர்த்துக்கேயருக்கு எதிராக உதவி வேண்டும் என்ற கதையை நம்பி, ஓவ கெத்த என்ற இளம் தளபதி 1620 இல் வந்து சேர்ந்தார். திருகோணமலையில் கோட்டை கட்டவும் தொடங்கினார்கள். கண்டியில் பேச்சு சரிவரவில்லை. அதன் பிறகுதான் எதிர்க்கரையில் தரங்கம்பாடி என்ற மீனவர் கிராமத்தைத் தஞ்சாவூர் மன்னரிடம் குத்தகை போலப் பெற்று, டான்ஸ்போர்க் என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். 1845 இல் பிரித்தானியருக்கு விற்கும் வரைக்கும் 225 வருஷம் அந்த ஊரில் டேனிஷ் கொடி பறந்தது. மிளகும் துணியும் வாங்கத்தான் வந்தவர்கள். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் அவர்கள் வருவதற்கு 300 வருஷத்துக்கு முந்தியே, 1306 இல், பாண்டிய மன்னன் கட்டியது.

இந்த ஊருக்கு 1706 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் திகதி இரண்டு ஜேர்மன் வாலிபர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க், வயது ஏறக்குறைய 24. மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ.

சீகன்பால்க் சாக்சனி நாட்டிலே புல்ஸ்னிட்ஸ் என்ற சின்னப் பட்டினத்தில் 1682 இல் பிறந்தவர். தகப்பன் தானிய வியாபாரி. சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராய்ப் போய்விட, மூத்த சகோதரியின் பராமரிப்பில் வளர்ந்தார். உடம்பும் சுகமில்லாத உடம்பு. ஹல்லே நகரத்தில் பிராங்கே என்ற பெரிய பேராசிரியரிடம் படிக்கப் போனார், நோயினால் அந்தப் படிப்பும் முழுமையாகவில்லை. அந்தக் காலத்தில் டென்மார்க் அரசர் நாலாம் பிரடெரிக், தன்னுடைய குடியேற்றத்துச் சனங்களுக்கு வேதம் சொல்ல ஆள் தேடினார். டென்மார்க்கில் ஒருவரும் அகப்படவில்லை. அதனால்தான் ஜேர்மன்காரர் இருவரைப் பிடித்து, 1705 நவம்பரில் கொப்பன்ஹேகனில் குருப்பட்டம் கொடுத்து, அதே மாதக் கடைசியில் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

கப்பல் ஏழு மாதத்துக்கு மேல் ஓடியது. வந்து சேர்ந்தால் வரவேற்பு இல்லை! கோட்டைத் தளபதி ஹாசியுசுக்கு இவர்கள் வந்தது துண்டாய்ப் பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் வேதம் சொல்லப்போனால் கலகம் வரும், இலாபம் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. அரசர் கையொப்பமிட்ட கடிதம் கையில் இருந்தும் தங்க ஒரு இடம் காட்டாமல் தெருவில் விட்டுவிட்டுப் போனார். பொழுதுபட்ட பிறகு யாரோ ஒரு உத்தியோகத்தர் இரங்கி ஒரு வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். கையில் ஒரு கடுதாசியோடு, பாஷை தெரியாத ஊரில், போக இடம் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்ப பாஷைக் கதைக்கு வருவோம். டேனிஷ்காரர் தரங்கம்பாடிக்கு வந்து அப்போது 86 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் தமிழை ஒழுங்காகப் படித்தவர் அவர்களில் இல்லை. கரையோரத்தில் பேசப்பட்ட உடைந்த போர்த்துக்கேய மொழியை வைத்தே வியாபாரமும் நீதிமன்றமும் நடந்தது. இவர்கள் இருவரும் வேலையைப் பங்கு போட்டார்கள்: புளூட்சோ போர்த்துக்கேய மொழி, சீகன்பால்க் தமிழ். படிக்கப் புத்தகம் இல்லை, அகராதி இல்லை, இலக்கணமும் இல்லை. அதனால் ஒரு வயோதிபத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தானும் நிலத்தில் இருந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பிள்ளைகள் எழுதுகிற எழுத்தைப் பார்த்துத் தானும் எழுதுவது, அவர்கள் சத்தம் போட்டால் தானும் சத்தம் போடுவது. எங்கட ஊரில ஏடு தொடக்கி அரிசியில எழுதுவிச்ச மாதிரித்தான். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அப்படிச் சப்பாணி கட்டி இருந்ததைப் பார்த்த டேனிஷ்காரர் என்ன நினைத்திருப்பார்களோ!

வாத்தியாருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தெரியும், ஆனால் அர்த்தத்தை ஐரோப்பிய பாஷையில் சொல்லத் தெரியாது. அதற்கு அழகப்பன் என்பவர் வந்தார். முன்பு டேனிஷ் கொம்பனிக்கு மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர், போர்த்துக்கேயம், டேனிஷ், டச்சு, ஜேர்மன் எல்லாம் பேசக்கூடியவர். சீகன்பால்க்கின் பெயரைச் சொல்கிறவர்கள் அழகப்பன் பெயரைச் சொல்வதில்லை. அது சரியில்லை என்பது என் எண்ணம். பாதிரியாருக்குத் தங்கள் இரகசியங்களைச் சொல்லிக் கொடுக்கிறான் என்ற குற்றச்சாட்டில் அவரையும் குடும்பத்தையும் ஊரை விட்டே துரத்தினார்கள். பாஷை சொல்லிக் கொடுத்ததற்காக அகதியானவர் அந்த மனுசன்.

சீகன்பால்க் எட்டு மாதத்தில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் பழகிவிட்டார். அதற்குப் பிறகும் விடவில்லை. தன் நாளை எப்படிக் கழிக்கிறார் என்று அவரே ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு முதல் நாள் எழுதி வைத்த சொற்களைத் திருப்பிப் படிப்பார். எட்டு மணி தொடக்கம் பன்னிரண்டு மணி வரைக்கும் தான் முன்பு வாசிக்காத தமிழ் ஏடுகளைப் படிப்பார். பக்கத்தில் ஒரு வயதான புலவர் பொருள் சொல்ல, இன்னொருவர் புதுச் சொற்களை எழுதிக்கொள்வார். சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்து ஏடு வாசிக்க வேண்டும். பின்னேரம் திரும்பவும் படிப்பு. இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கண் கெட்டுப் போகும் என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிடித்த ஆசிரியரின் நடையை நூறு தரம் வாசித்துத் தன் நாக்குக்குக் கொண்டுவந்தார். இரண்டு வருஷத்துக்குள் 20,000 சொற்களுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் இங்கே பாஷைப் பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், இந்த மனுசன்ர பொறுமை விளங்கும்.

கோயிலின் கதை 1707 இல் தொடங்குகிறது. ஊருக்குள் சீயோன் கோயில் என்ற டேனிஷ் தேவாலயம் 1701 முதலே இருந்தது. ஆனால் அது துரைமாருக்குரியது. தமிழருக்கென்று ஒரு ஆராதனை வீடு வேண்டும் என்று, தங்கள் சம்பளப் பணத்தைப் போட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலைக் கட்டி, 1707 ஓகஸ்ட் 14 ஆம் திகதி திறந்தார்கள். எருசலேம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே தமிழர் சிலர் அதில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுக்கு முன்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள் ஐந்து பேர். அடிமைகளும் ஏழைகளும்தான் முதலில் வந்தார்கள் என்பதால் மற்றவர்கள் அந்தக் கோயிலை இளக்காரமாய்த்தான் பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும், பெண் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு பள்ளிக்கூடமும் அந்தக் காலத்திலேயே தொடங்கினார்.

தளபதியோடு பகை முற்றிக்கொண்டே போனது. ஒரு ஏழை விதவையின் பணத் தகராறில் சீகன்பால்க் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று கதைத்தார். அதையே சாட்டாக வைத்து, 1708 நவம்பரில் ஆயுதம் தாங்கிய ஆட்களை அனுப்பிப் பிடித்து, டான்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார் ஹாசியுஸ். ஒரு அரசர் அனுப்பின ஆளை அதே அரசருடைய கோட்டையில் மறியல் வைத்த கதை இது. சிறைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான், அக்டோபர் மாதத்தில், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். வெளியில் வந்து விட்ட இடத்திலிருந்து பிடித்து, 1711 மார்ச்சில் முடித்தார். அந்த வருஷமே புளூட்சோ ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். குருண்ட்லர் என்ற இன்னொரு பாதிரியார் 1709 இல் வந்து சேர்ந்திருந்தார். அவர்தான் கடைசி மட்டும் கூட நின்றவர்.

அச்சுக்கூடம் வந்த கதையும் ஒரு பெரிய கதை. லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரத்தையும் ஒரு அச்சுக்காரரையும் கப்பலில் அனுப்பியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் விடுபட்டாலும், அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடிக் கோட்டையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் அகப்பட்டார். தமிழ் எழுத்துக்களை ஜேர்மனியில் ஹல்லேயில் வார்த்து 1713 இல் அனுப்பினார்கள். எழுத்துக்கள் பெரிசாய்ப் போய்க் கடுதாசி எல்லாம் தின்றுவிட்டது. அதனால் ஆட்லர் என்ற அச்சுக்காரர், இங்கிலாந்திலிருந்து சீஸ் பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கிச் சின்னத் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். பக்கத்துப் பொறையாறில் கடுதாசி ஆலையும் வைத்தார்கள். 1714 இல் நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்துவிட்டது. இந்திய பாஷை ஒன்றில் அச்சான முதலாவது புதிய ஏற்பாடு அதுதான். ஆனால் தமிழில் முதல் அச்சுப் புத்தகம் போட்டவர் இவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. 1578 இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது.

எங்களில் அநேகம் பேர் சைவர்கள். மதம் மாற்ற வந்த பாதிரியாரின் கதை எங்களுக்கு ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வந்த இடத்தில் அவருக்கு ஒன்று நடந்தது. தமிழரைக் காட்டுமிராண்டிச் சனம் என்று ஐரோப்பாவில் சொல்லிக் கேட்டுத்தான் அவரும் வந்தார். ஏடுகளைப் படிக்கத் தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விட்டது. திருக்குறளையும் மற்ற நீதி நூல்களையும் படித்து, இந்தச் சனத்திடம் ஐரோப்பியர் படிக்க நிறைய இருக்கிறது என்று வீட்டுக்கு எழுதினார். ஆட்களை ஊர் ஊராய் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708 இல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜேர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார். தமிழருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதின மறுமொழிகளை ஜேர்மன் பாஷையில் திருப்பி அனுப்பினார். அப்படி அச்சான கடிதங்கள் 99. அவற்றில் பலதை எழுதியவர் எங்கட அழகப்பனாய்த்தான் இருக்கவேணும் என்று ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்கள்.

1713 இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு என்று ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹல்லேக்கு அனுப்பினார். சிவன், விஷ்ணு முதல் ஐயனார், மாரியம்மன், பிடாரி வரை கிராமத்துத் தெய்வங்களையும் விடாமல் எழுதியிருந்தார். அவரை உருவாக்கின பேராசிரியர் பிராங்கே அதை அச்சடிக்க மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினால், அதை ஐரோப்பாவில் பரப்பவா பார்க்கிறாய் என்பது அவருடைய நிலைப்பாடு. கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் கிடந்தது. 1867 இல்தான் சென்னையில் அது அச்சேறியது. 1711 இல் எழுதின இன்னொரு புத்தகம் 1926 வரைக்கும் காத்துக் கிடந்தது. இந்துக்களை இழிவாய் எழுதியிருந்தால் உடனே அச்சாகியிருக்கும் என்று நான் சொன்னால் அது அநியாயமாய் இராது.

அவருடைய தமிழ் நல்ல தமிழ்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. பேச்சுத் தமிழை நிறையக் கலந்து எழுதினார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் வீரமாமுனிவர், தரங்கம்பாடிக்காரரின் தமிழைக் கண்டபாட்டுக்குக் கேலி செய்து எழுதினார். இத்தாலிக்காரர் ஒருவரும் ஜேர்மன்காரரும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எது நல்ல தமிழ் என்று சண்டை பிடித்தார்கள். எங்கட மலர்க்குழுவில் சந்திப் பிழைக்கு நடக்கிற சண்டைக்கு இது குறைந்ததில்லை!

1714 கடைசியில் சுகவீனத்தோடும் முறைப்பாடுகளோடும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் வாலிபரையும் கூட்டிப் போனார். கப்பலிலேயே இருவரும் இருந்து தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார்கள். 1716 இல் அது ஹல்லேயில் அச்சாகியது. 1715 இல் அவர்கள் இறங்கியது நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில். நோர்வேயில் இருக்கிற எங்கட சனங்கள் இதைக் கவனிக்கவேணும், உங்களுக்கு முந்தி ஒரு மலையப்பன் அந்தக் குளிரைப் பார்த்திருக்கிறார். அரசர் அப்போது ஸ்ட்ரால்சுண்ட் முற்றுகையில் போர்க்களத்தில் இருந்தார். அங்கேயே போய்ச் சந்தித்தார். மரியா டொரொத்தேயா என்ற பெண்ணை மணம் முடித்து, லண்டன் போய் அங்கே அரசரையும் கண்டு, 1716 ஓகஸ்டில் மனைவியோடு திரும்பி வந்தார்.

வரும்போது ஹாசியுஸ் இல்லை, புதிய ஆளுநர் நல்லவர். பழைய கோயில் கடற்கரையில் சிதைந்து போய்க்கொண்டிருந்தது. 1717 பெப்ரவரி 9 ஆம் திகதி இராச வீதியில் புதிய கோயிலுக்கு அடிக்கல் வைத்தார்கள். சிலுவை வடிவம், நாலு கையும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் நின்று பிரசங்கித்தால் நாலு பக்கமும் கேட்கும். முகப்பில் நாலாம் பிரடெரிக்கின் முடியும் எழுத்தும், 1718 என்ற வருஷமும் பதித்தார்கள். 1718 அக்டோபர் 11 ஆம் திகதி திறப்பு விழா நடந்தது. புதிய எருசலேம் என்று பெயர்.

அந்த நாலு கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேணும், சொல்லாவிட்டால் கதை அரைகுறை. அந்த நூற்றாண்டில் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து இடம் பிரித்திருந்தார்கள். ஒரு பகுதியாருக்குப் பாய், மற்றவர்களுக்கு வெறுந்தரை, நடுவில் இடைவெளி. சீகன்பால்க்குக்குப் பின்னர் 1733 இல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புரட்டஸ்தாந்து சபையின் முதல் தமிழ்க் குரு அவர். கடலூர் வேளாளர். ஆனால் இராசநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சாவூர்ப் படையில் இருந்து, தன் உயிரைப் பணயம் வைத்து அந்தப் பக்கமெல்லாம் சபையை வளர்த்தவர். அவர் பறையர். மற்றவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று சொல்லி அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவே இல்லை. 1930 ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்கு நடந்த சண்டையை நினைவு வைத்திருக்கிற பெரியவர்களின் பிள்ளைகள் எங்களுக்குள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

கோயில் எழும்பினது கொப்பன்ஹேகனில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. மிசன் சபையின் காரியதரிசி வென்ட் என்பவர், மிசனரிகள் அப்போஸ்தலர் மாதிரி ஏழைகளாய் ஊர் ஊராய்ப் போகவேணும், கோயில் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, பெண்சாதி பிள்ளை எதற்கு என்று கடுமையாய் எழுதிக்கொண்டிருந்தார். கொழுத்தும் வெயிலில், கடனில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனுசனுக்கு, குளிர் நாட்டில் மேசைக்கு முன்னால் இருந்தவர் எழுதின கடிதங்கள் அவை. ஏற்கெனவே நோயாளி. அந்தக் கடிதங்கள் அவரை முறித்துவிட்டன.

1719 பெப்ரவரி 23 ஆம் திகதி, கோயில் திறந்து ஐந்து மாதம் ஆகவில்லை, தனக்குப் பிடித்த ஒரு ஞானப்பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாற்காலியில் இருந்தபடி உயிரை விட்டார். வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார், மிச்சத்தைப் பின்னால் வந்த சூல்ட்ஸ் முடித்தார். அவர் கட்டின கோயிலுக்குள்ளேயே, பலிபீடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் குருண்ட்லரும் இறந்து மறுபக்கத்தில் வைக்கப்பட்டார்.

இன்றைக்கு அந்தக் கோயில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கீழ் இருக்கிறது. அந்தச் சபை 1919 இல் உருவானது. அதன் பேராயருக்குத் தரங்கைப் பேராயர் என்றுதான் இன்னும் பட்டம். 2004 மார்கழி சுனாமி அந்த ஊரையும் தாக்கியது, ஆனால் கோயில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் ஆராதனை நடக்கிறது.

எங்கட ஆட்கள் அறுபதாம் கலியாணத்துக்கென்று இங்கேயிருந்து திருக்கடையூருக்குப் போய் வருகிறார்கள், அப்படியே காரைக்காலுக்குப் பக்கத்தில் திருநள்ளாறுக்கும் போகிறார்கள். தரங்கம்பாடி அந்த வழியில்தான் இருக்கிறது, திருக்கடையூரிலிருந்து பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. அடுத்த முறை போகிறவர்கள் வான்காரரிடம் சொல்லி ஒரு மணித்தியாலம் அங்கே இறங்குங்கோ. வாசலால் உள்ளே போய் நேரே பலிபீடத்தடிக்கு நடந்தால், கல்லறை அங்கே இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கோ. கோயில் முகப்பில் இருக்கிற முடி எந்த அரசருடையது என்று உங்களுக்கு அவர்கள் வாசித்துச் சொல்லுவார்கள்.